திரைக்கு இந்தப் பக்கம்

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாமலேயே அதற்குள் எந்த இருக்கை எங்கே இருக்கிறது என்பது எனக்கு அத்துபடி. தேனாம்பேட்டையில், மவுண்ட் ரோட்டைப் பார்த்தபடி இருந்த ஒரு டிராவல் ஏஜென்சியில்தான் எனக்கு முதல் வேலை. கண்ணாடி ஜன்னலில் ஓர் அட்டை விமானம் நிற்கும். சுவரில் உலகப் படம். அலமாரியில் தலையணை கனத்துக்குக் கட்டணப் புத்தகங்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் கையில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. விமானக் கம்பெனிகள் அனுப்பும் இருக்கைப் படங்களையும் அப்படித்தான் படித்தேன்.

முன்னால் முதல் வகுப்பு. நடைவழிக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, அகலமான இருக்கைகள். அதற்குப் பின்னால் ஒரு தடுப்பு, தடுப்பின் நடுவில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் மூன்று மூன்றாக நெருக்கியடித்து மற்றவர்கள். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஒரே விமானம், ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது, முன்னால் உட்காருகிறவன் எதற்கு அவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? எங்கள் மானேஜர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சார் எறங்குவாங்க. முன்னாடி உக்காந்தவர் காலோட எறங்குவார். பின்னாடி உக்காந்தவர் கால் எங்கேன்னு தேடிண்டே எறங்குவார்."

மயிலாப்பூர்க்காரர். எப்போது சொன்னாலும் முதல் முறை சொல்வதுபோல் தானும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தப் படங்களில் ஒரு விஷயத்தை நானாகவே கண்டுபிடித்திருந்தேன். தடுப்பை ஒட்டி இந்தப் பக்கம் வரும் முதல் வரிசைக்கு முன்னால் இருக்கை கிடையாது, சுவர்தான். அதனால் அங்கே உட்காருகிறவர்கள் பின்கட்டணத்தைக் கொடுத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு போகலாம். ஏஜென்சியில் அதைக் கேட்டு வாங்க முடியாது. விமான நிலையத்தில் சீட்டைக் காட்டும்போதுதான் இருக்கை ஒதுக்குவார்கள். கைக்குழந்தைக்காரர்கள், நோயாளிகள் என்று வந்தால் அவர்களுக்கு அந்த வரிசையைக் கொடுப்பார்கள். இது தெரிந்துவைத்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அம்மா அப்போது கோபாலபுரத்தில் ஒரு பங்களாவில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். பாண்டி பஜார் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம். வீட்டுப் பெரியவளை எல்லோரும் ஆச்சி என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என் அப்பா தவறிய பிறகு எனக்குப் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்துதான் நடந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆச்சி கேட்பார், "எய்யா, பொஸ்தகம்லாம் வாங்கியாச்சா?" வாங்கவில்லை என்று நான் சொல்வதற்குள் கடைப்பையன் யாராவது வாங்கிவரக் கிளம்பியிருப்பான். இந்த வேலையும் ஆச்சியின் மகன், கடை முதலாளி, எங்கள் மானேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கிடைத்ததுதான்.

அந்த முதலாளி ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சிங்கப்பூரில் இருந்த அவர் தங்கைக்கு முதல் பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இங்கே வர முடியவில்லை. ஆச்சி போகிறார், பத்தியச் சமையலுக்கு அம்மாவும் கூடப் போகிறாள்.

"எங்கம்மாவுக்கு முன்னாடி போட்டுருங்க. கூடப் போற ஆளுக்குப் பின்னாடி போதும்" என்றார் மானேஜரிடம். பிறகு என்னைப் பார்த்தார். "என்னடே, ஒங்கம்மா டிக்கெட்ட நீயே எழுதிரு."

பிரியமாகத்தான் சொன்னார். நானும் சந்தோஷமாகத்தான் எழுதினேன். அம்மாவின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அதற்கு முன் எழுதியதே இல்லை. வகுப்பைக் குறிக்கிற கட்டத்துக்கு வந்தபோதுதான் பேனா கொஞ்சம் நின்றது. ஆச்சியின் சீட்டில் எஃப். அம்மாவின் சீட்டில் ஒய். ஒரே கையெழுத்து, ஒரே மை. முதலாளி சொன்னதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் அம்மாவை அழைத்துப் போவதே பெரிய விஷயம். ஆனால் முன்னும் பின்னும் எவ்வளவு வித்தியாசம் என்பது அந்த அறையிலேயே எனக்குத்தான் அங்குல அங்குலமாகத் தெரியும். தெரிந்த கையாலேயே அதை எழுதவேண்டியிருந்தது.

இதில் இன்னொரு சிக்கல் அம்மாவின் முழங்கால். பல வருடங்களாக நின்றே சமைத்ததில் வலது முட்டியில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. தி.நகர் டாக்டர் ஒருவர் அழுத்திப் பார்த்துவிட்டு, மடக்கி உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் நீட்டித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் மடக்கினாலே பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஒற்றை அறையில் அன்றைக்குச் சீட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது இதைத்தான்.

"ஆச்சியாண்ட என் காலப் பத்தி ஒண்ணும் சொல்லல இல்ல?"

"இல்ல. ஆனா சொல்லிட்டா நல்லதும்மா. அவ்ளோ நேரம் மடக்கி உக்காந்தா..."

"சொன்னீனா இன்னா ஆவும் தெரியுமா? பாவம், நொண்டிக்கினு எதுக்கு வர்றேன்னு வேற யாரையாவது இட்டுக்கினு பூடுவாங்க. அப்புறம் இங்க மட்டும் இந்தக் காலோட எதுக்கு நிக்கிறேன்னு கேக்க மாட்டாங்களா? வாயத் தெறந்த, அவ்ளோதான்."

அவள் பயம் நியாயமானது. விமானத்தில் முட்டி வீங்கி, இறங்கிய இடத்தில் நிற்க முடியாமல் போனால் நிலைமை இன்னும் மோசம். எனக்கு வழி தெரிந்துதான் இருந்தது. திரைக்கு இந்தப் பக்கத்து முதல் வரிசை. எப்படியாவது அந்த இருக்கையை அம்மாவுக்கு வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

முக்கியமான வாடிக்கையாளர்கள் என்றால் ஏஜென்சி ஆள் மீனம்பாக்கம் வரை போய் ஏற்றிவிட்டு வருவது வழக்கம். அன்றைக்கு என்னையே அனுப்பினார்கள். முதலாளியின் காரில் முன்னால் டிரைவர் பக்கத்தில் நான், பின்னால் முதலாளியும் ஆச்சியும் அம்மாவும். அம்மா மடியில் ஊறுகாய் ஜாடி. ஆச்சி வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

"என்னைய எதுக்குல ஒத்தையில முன்னாடி உக்கார வைக்க? பஸ்ஸுல போறாப்ல இவ பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே போனா ஆகாதா?"

"ஆகாதும்மா" என்றார் முதலாளி. "நம்ம ஆளுக எத்தன பேரு அதுல வாரான் போறான். ஒங்களப் பின்னாடி பாத்தான்னு வைங்க, கடை படுத்துருச்சுன்னு பஜார் பூராச் சொல்லிருவான்."

"கடை நிக்கதுக்கு நான் கால நீட்டிட்டு உக்காரணுமாக்கும்!" என்றார் ஆச்சி. எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

விமான நிலையத்தில் முதலாளி யாரோ தெரிந்தவரைப் பார்த்து நின்றுவிட்டார். நான் சீட்டுகளோடு கவுண்டருக்குப் போனேன். ஆச்சியும் அம்மாவும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். கவுண்டரில் இருந்தவர் எனக்குப் பழக்கமில்லாதவர். அவர் முன்னால் இருக்கைப் படம் ஒட்டிய அட்டை. ஒவ்வோர் இருக்கைக்கும் ஓர் ஒட்டுச்சீட்டு, அதை உரித்துப் பயணியின் போர்டிங் அட்டையில் ஒட்டித் தருவார்கள். தடுப்பை ஒட்டிய வரிசையில் ஒரே ஒரு ஒட்டுச்சீட்டுதான் மிச்சமிருந்தது. நான் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டேன்.

"அது வேணும் சார்" என்றேன்.

"அது ஒரு பெரியவருக்கு வெச்சிருக்கேன். ஒரு காலு மடங்காது அவருக்கு. நேத்தே ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. உங்க பாசஞ்சருக்கு என்ன?"

முட்டியில் நீர் சார், மடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பதுதான் உண்மை. ஆச்சி எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் கண் என் பிடரியில் படுவது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. எங்க அம்மா சார், வயசானவங்க என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் கவுண்டர்க்காரருக்கு என்ன? அங்கே வருகிற எல்லோருக்கும் ஓர் அம்மா இருக்கிறாள்.

இரண்டு சீட்டுகளையும் சேர்த்து அவர் முன்னால் நகர்த்தினேன். ஆச்சியின் சீட்டை மேலே வைத்தேன்.

"இவங்க முதல் வகுப்பு. அது இவங்களோட சமையல்காரம்மா. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரணும் சார். திரைக்குப் பக்கத்துல இருந்தாத்தான் முடியும்."

அவர் எஃப் என்ற எழுத்தைப் பார்த்தார். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். "முதல் வகுப்பா? முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றவர் அந்த ஒட்டுச்சீட்டை உரித்து அம்மாவின் அட்டையில் ஒட்டினார். முதல் வகுப்புக் கட்டணத்தின் மதிப்பு என்ன என்று வாடிக்கையாளர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இருக்கையின் அகலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த எழுத்து திரையைத் தாண்டியும் வேலை செய்யும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை நானே எடுத்து வேலை வாங்கியிருந்தேன்.

ஆச்சி பின்னாலிருந்து, "எய்யா, நான் கூப்பிட்டா இவளுக்குக் கேக்கும்லா?" என்றார்.

"கேக்கும் ஆச்சி. நேர் பின்னாடிதான்."

"கெட்டிக்காரப் பய" என்று அம்மாவிடம் சொன்னார். நான் கவுண்டர்க்காரரிடம் மெல்லிய குரலில் பேசியது, ஆச்சிக்குப் பின்னால் தள்ளி நின்ற அம்மாவின் காதில் விழவில்லை.

ஆச்சியும் அம்மாவும் முதலாளி நின்ற இடத்துக்கு நகர்ந்தார்கள். நான் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரியவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தொப்பி, தோளில் ஒரு துணிப்பை. வலது கால் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே கட்டையாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதை வெளிப்பக்கமாக அரைவட்டம் சுழற்றி முன்னால் கொண்டுவந்து வைத்தார். கவுண்டர்க்காரர் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"பெரியவரே, நீங்க கேட்ட எடம் போயிடுச்சு. முதல் வகுப்புல போற அம்மாவோட சமையல்காரிக்கு வேணும்னு இவர் கேட்டார்" என்று என்னைக் காட்டினார். "உங்களுக்கு நடைவழி ஓரமாத் தர்றேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். "ஓரத்துல கால நீட்டினா வர்றவங்க தடுக்கி விழுவாங்களே, தம்பி" என்றார் கவுண்டர்க்காரரிடம்.

"பாத்துப் போவாங்க பாய்."

"அல்லா பாத்துப்பான். தட்டு தூக்கிக்கிட்டு வர்ற புள்ளைங்க பாக்கணுமே" என்று சொல்லிச் சிரித்தார்.

அட்டை என் கையில்தான் இருந்தது. உரித்து ஒட்டிய சீட்டுதான், மறுபடி உரிக்கலாம். உள்ளே போக இன்னும் நேரமும் இருந்தது. நான் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெட்டி எடையைப் பார்ப்பதுபோல் நின்றேன். அம்மாவின் முட்டி, அம்மாவின் முட்டி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை.

வழியனுப்புகிறவர்கள் நிற்கும் மாடியிலிருந்து பார்த்தேன். விமானத்துக்கு இரண்டு ஏணி வைத்திருந்தார்கள். அம்மா ஆச்சியின் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே முன் ஏணியை நோக்கிப் போனாள். ஒரு சிப்பந்தி அவளை நிறுத்திப் பின் ஏணியைக் காட்டினார். ஆச்சி திரும்பி ஏதோ சொல்லிப் பையை வாங்கிக்கொண்டார். அம்மா வெயிலில் விமானத்தின் நீளத்துக்கு நடந்து பின்னால் போனாள். அவளுக்கு முன்னால் அந்தப் பெரியவர் ஏறிக்கொண்டிருந்தார். நல்ல காலை ஒரு படியில் வைப்பது, மற்றதை இழுத்துச் சேர்ப்பது, கொஞ்சம் நிற்பது, மறுபடி அடுத்த படி. அவருக்குப் பின்னால் ஏணி முழுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அம்மா ஏதோ சொல்லி அவர் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். முதலாளி என் பக்கத்தில் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் மனிதர்களின் முகத்தைவிடக் கால்களைத்தான் அதிகம் பார்த்தேன். அலுவலகத்துக்கு வருகிறவர் நாற்காலியில் உட்காரும்போது கால் மடங்குகிறதா என்று பார்ப்பேன். மாம்பலம் ஸ்டேஷன் படியில் யாராவது நின்று நின்று ஏறினால் அவர்களைத் தாண்டிப் போக மனம் வராமல் ரயிலை விட்டுவிடுவேன். மானேஜர் அதே நகைச்சுவையைச் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை. "என்னய்யா, உனக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அம்மாவாவது சௌகரியமாகப் போயிருப்பாள் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஒரு கால் கஷ்டப்பட்டிருந்தாலும் ஒரு கால் பிழைத்தது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அவர்கள் திரும்பி வந்த அன்று மீனம்பாக்கத்தில் ஆச்சி என்னைப் பார்த்ததும் முதலில் பேத்தியைப் பற்றிச் சொன்னார், அடுத்தபடியாக அம்மாவைப் பற்றி.

"எய்யா, ஒங்கம்மா போய் எறங்குன அன்னைக்கு முட்டி இம்மாம் பெருசு வீங்கிக் கெடந்துது. ஒரு வாரம் சுவத்தப் புடிச்சுல்லா நடந்தா! நின்னு சமைக்க முடியல, முக்காலி போட்டு உக்காந்து சமைச்சா. இத்தன வருசமாக் கால் வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாளா? அழுத்தக்காரி."

அம்மா பயந்ததுபோல் ஆச்சி அவளைத் திருப்பி அனுப்பவில்லை. முக்காலி கொடுத்திருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கால் நீட்ட இடம் இருந்தும் முட்டி எப்படி வீங்கியது?

மறுநாள் அலுவலகம் முடிந்து வந்ததும் உடுப்புகூட மாற்றாமல் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் கேட்டேன்.

"நல்லா நீட்டிக்கிற மாதிரி எடமாத்தானம்மா வாங்கிக் குடுத்தேன்?"

"எடமெல்லாம் கீது. எங்கடா நீட்றது? எதுக்கால சுவுரு. சுவுத்துக்கு அந்தாண்ட ஆச்சி. தெர கொஞ்சம் வெலகுனா அவங்க முதுவு தெரியுது. அவங்கள நோக்கி நான் கால நீட்டிக்கினு குந்த முடியுமா? இன்னா நெனப்பாங்க?"

"அவங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்? நடுவுல சுவர் இருக்கே."

"எனக்குத் தெரியுமில்ல."

எத்தனை இருக்கைப் படம் படித்தேன். இந்த ஒன்று எந்தப் படத்திலும் போட்டிருக்கவில்லை. படத்தில் இல்லாவிட்டால் என்ன, எனக்கே தெரிந்திருக்க வேண்டியதுதான். கோபாலபுரத்துச் சமையலறையில் ஆச்சி நுழைந்தால் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கும் அம்மாவின் கால் தானாக உள்ளே போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, சப்பணம் போட்டுக்கினு குந்திட்டேன். அங்க தட்டு தூக்கிக்கினு வர்ற பொண்ணு வந்து, கால கீழ வைங்கம்மான்னுது. வெச்சேன். அது அந்தாண்ட போச்சு, திரும்பி மடிச்சிக்கினேன்" என்று சிரித்தாள். "அது வரும், நான் கீழ வைப்பேன். அது போவும், நான் மேல வைப்பேன். பக்கத்து சீட்டு ஆளு என்னியே பாக்குறாரு, இது இன்னா, சர்க்கஸான்னு."

"முட்டிய மடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரேம்மா."

"டாக்டரா வந்து ஆச்சிக்குப் பதில் சொல்வாரு? கேளு கதைய. நடுவுல ஒரு பாய் வந்து அந்தச் சுவுத்துல சாஞ்சிக்கினு நின்னாரு. ஏறும்போது நான் பை வாங்கினேனே, அவருதான். ஏன் நிக்கிறீங்கன்னேன். காலு மடங்காதும்மா, ஓரத்துல நீட்டினா வண்டி தள்றவங்க இடிக்கிறாங்க, அதான் கொஞ்சம் நிக்கிறேன்னாரு. அடப்பாவமே, எனக்கு இந்த எடம் இருந்தும் பிரயோஜனம் இல்ல, நீங்க குந்துங்கன்னு எந்திரிச்சிட்டேன். வோணாம் வோணாம்னாரு, கையப் புடிச்சுக் குந்த வெச்சிட்டு அவரு சீட்டுக்குப் பூட்டேன். அங்க முன் சீட்டு வந்து முட்டியிலயே இடிக்குது. அதுலதான் வீங்கிப் போச்சு."

"அவர் கால நீட்டினாரா?"

"ஓ! நல்லா சுவுத்துல ஒதச்சிக்கினு."

"அந்தப் பக்கம் ஆச்சி இருந்தாங்களே?"

"அவருக்கு இன்னா வந்துது? அவரு இன்னா ஆச்சி வூட்லயா வேல செய்றாரு?" இதைக்கூடவா சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

இதோடு அவள் நிறுத்தியிருந்தால் நானும் ஒருவழியாக மூச்சு விட்டிருப்பேன். பெரியவருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"எறங்கும்போது வந்து, ரொம்ப நல்லாயிருப்பம்மான்னாரு. என்னிய எதுக்கு வாழ்த்துறீங்க, எம் புள்ள வாங்கிக் குடுத்த எடம் அது, அவன வாழ்த்துங்கன்னேன். உங்க புள்ளையான்னாரு. ஆமா, ஏர்போர்ட்ல என்னோட நின்னுக்கினு இருந்தானே, ஒசரமா, கண்ணாடி போட்டுக்கினு, பி.ஏ. படிச்சவன்னேன். என்னியே கொஞ்ச நேரம் பாத்தாரு."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அவனும் நல்லாருக்கட்டும்னாரு. ஏன், இன்னா? மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது?"

கவுண்டர்க்காரர் என்னைக் காட்டிச் சொன்னது முழுக்க அவர் காதில் விழுந்தது. சமையல்காரிக்கு வேண்டும் என்று கேட்டவன் அவள் பெற்ற பிள்ளை என்று அம்மாவே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் அதை அவளிடம் சொல்லாமல் இறங்கிப் போயிருக்கிறார்.

நான் சொல்லிவிட்டேன். அந்த இடம் யாருக்காக வைத்திருந்தது, நான் என்ன சொல்லி வாங்கினேன், அவர் வந்து நின்றபோது அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும். அம்மா பாதியில் குறுக்கிடவில்லை. அழுவாளோ திட்டுவாளோ என்று பார்த்தேன்.

"எங்கம்மான்னு சொல்லலியா அந்த கவுண்டர்காரனாண்ட?"

"இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "அதுவும் செரிதான்" என்றாள். "ஆச்சி வூட்டு சமையக்காரின்னதாலதான் குடுத்தான். ஒங்கம்மான்னு சொல்லியிருந்தா எவன் குடுப்பான்? புத்தியாத்தான் பேசியிருக்க."

குத்திக்காட்டவில்லை. அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. நான் எதற்காக இத்தனை மாதம் வெந்தேனோ அது அவளுக்கு வெறும் சாமர்த்தியமாகத் தெரிந்தது.

"ஆனா அந்த பாய் பாவம்டா" என்றாள் அடுத்த நிமிடம். "அவருக்குத் தெரிஞ்சிருக்குது பாரு. தெரிஞ்சிக்கினே நல்லாருக்கட்டும்னாரு. அவர் எதுக்கால என்னிய எவ்ளோ பேச வெச்சிட்ட." அவள் முகம் அப்போதுதான் மாறியது. எனக்காக இல்லை, தான் பெருமை பேசியதற்காக வெட்கப்பட்டாள்.

அந்தச் சமயம்தான் அவள் காலைப் பார்த்தேன். நான் வரும்போது தரையில் நீட்டி வைத்திருந்த வலது கால் இப்போது சேலைக்குள் மடங்கி இருந்தது. எப்போது மடக்கினாள் என்று நான் கவனிக்கவில்லை. வீக்கம் இன்னும் முழுக்க வற்றவில்லை.

"கால நீட்டிக்கோம்மா."

"இருக்கட்டும்."

"டாக்டர் என்ன சொன்னார்? நீட்டு."

"எதுக்கால நீ குந்திக்கினு கீற. பேன்ட்டு சட்டையோட ஆபீஸ்லருந்து வந்து குந்தின புள்ள மேல கால நீட்டுவாங்களா?"

"நான் உன் புள்ளதானம்மா!"

"புள்ளதான். அதுக்கு?"

நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அது எங்கள் அறை. ஒரு பக்கம் அடுப்பும் பாத்திரமும், ஒரு பக்கம் சாமி படம், ஒரு பக்கம் என் பெட்டியும் புத்தகங்களும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நான் அவள் காலுக்கு எதிரில்தான் வந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, காலை வெளியே எடுக்கவில்லை. பக்கத்தில் போய் அவள் பாதத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். "விடுடா, இன்னாடா இது" என்று பதறிப்போய் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். வலியில் முகம் சுளித்தது.

எழுந்து வெளியே வந்தேன். சந்தில் விளக்கு ஏற்றும் நேரம். ஸ்டேஷனிலிருந்து வேலை முடிந்தவர்கள் பையும் டிபன் கேரியருமாக வந்துகொண்டிருந்தார்கள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே வளையல் ஓசை கேட்டது. பிறகு, "அப்பாடா" என்று அம்மா யாருக்கும் கேட்காது என்று நினைத்து மெல்லச் சொன்னது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "எங்கடா பூட்ட? சோறு ஆறுது பாரு" என்று கூப்பிட்டாள்.

"தோ வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.